பாம்பன், பி.காம். 57 சதவீதம்: சி.ஏ.வா, ஆடிட்டர் ஆபீஸ் வேலையா?

தம்பி, சி.ஏ.வோட முதல் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதணுமா, இல்ல ராமநாதபுரத்துல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல சம்பளத்துக்குச் சேர்ந்துடவான்னு கேட்டிருக்கீங்க.

ஃபவுண்டேஷன் வேண்டாம். பி.காம்.ல 55 சதவீதம் இருந்தாலே நேரா அடுத்த கட்டமான இன்டர்மீடியட்டுக்குப் பதிவு பண்ணலாம். ரெண்டு குரூப், ஆறு தாள். 2023ல வந்த புதுத் திட்டத்துல ரெண்டு குரூப்பும் தேறின பிறகுதான் ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஒரு ஆடிட்டர்கிட்ட எடுக்கிற பயிற்சி, அதுவும் ரெண்டே வருஷம். அதனால இப்ப வேலைக்குச் சேர்ந்தா அந்தக் காலம் அதுல கழியாது. இதை நல்லா மனசுல வச்சுக்கங்க.

சென்னைக்குப் போனாத்தான் தொழில் படியும்னு வீட்டுல சொல்றதா எழுதியிருக்கீங்க. எனக்கு அப்படித் தோணல. நான் ஆர்ட்டிகிள்ஷிப்ல ஒரு மீன் கம்பெனி கணக்கு பார்த்தப்ப, மே மாசத் தேதியில விசைப்படகுல பிடிச்ச இறாலை வாங்கினதா பில் கட்டு கட்டா இருந்துச்சு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் நம்ம கடல்ல விசைப்படகுக்கு மீன்பிடித் தடைக்காலமாச்சே! நாட்டுப்படகு இறால்னா சரி, விசைப்படகு எப்படிப் போச்சு? கூட இருந்த வெளியூர்ப் பையனுக்கு அது கண்ணுல படவே இல்ல. பாம்பன்காரர் உங்களுக்குப் படும் தம்பி, நிச்சயமா.

இன்டர்மீடியட் பதிவுக்கும் தேர்வுக்கும் எட்டு மாசம் இடைவெளி வேணும். மே தேர்வுன்னா முந்தின செப்டம்பர் 1க்குள்ள பதிவு பண்ணிடுங்க.