காளான் அறைக் காற்றுக் குழாய்: எல்போவில் மிச்சம் பிடிக்காதீர்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். உடுமலைப்பேட்டை அருகே வீட்டின் பின்கட்டில் 20 அடிக்கு 15 அடி, 10 அடி உயர அறையில் சிப்பிக் காளான் வளர்க்கிறேன். சுவரில் வெளியேற்று விசிறி இருக்கிறது. அங்கிருந்து சாமான் அறை வழியாக 15 அடி போய், வெளியே கூரைக்கு மேலே ஏறுகிறது மடங்கும் அலுமினியக் குழாய். நடுவில் தொய்ந்து தண்ணீர் சொட்டுகிறது. காளான் தண்டு நீண்டு, குடை சிறுத்து வருகிறது. தகரத்தில் மாற்றலாம் என்றால், கடைக்காரர் 6 அங்குலக் குழாய், குழாயைத் திருப்பக் கூர்மூலை எல்போ மூன்று என்று எழுதித் தந்திருக்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். குழாயைத் தகரத்துக்கு மாற்றும் முடிவு சரி. கடைக்காரர் எழுதித் தந்த அளவும் எல்போவும்தான் தவறு.

தண்டு நீள்வதும் குடை சிறுப்பதும் நோயல்ல, மூச்சுத் திணறல். காளானின் பூசண இழை பரவும் நாட்களில் கரியமில வாயு மிகுதியாகச் சேர்ந்தாலும் காளான் பொறுத்துக்கொள்ளும். மொட்டு விட்ட பிறகு அது 1000 பிபிஎம்முக்குள், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் ஆயிரம் பங்குக்குள், இருக்க வேண்டும். (கோ 2 என்ற இரகம் போட்டிருந்தால் குழம்ப வேண்டாம். ஆங்கிலத்தில் எழுதும்போது இரகத்துக்கும் வாயுவுக்கும் பெயர் ஒன்றாகிவிடுகிறது.) உங்கள் அறையின் கொள்ளளவு 3000 கன அடி. மணிக்கு ஆறு முறை காற்று மாற வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 300 கன அடி வெளியே போக வேண்டும்.

இந்த 300 கன அடியை 6 அங்குலக் குழாயில் தள்ளினால் காற்று நிமிடத்துக்கு 1500 அடிக்கு மேல் ஓடும். 8 அங்குலத்தில் 860 அடிதான். வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும். இரண்டு தகரக் குழாய்களைச் சாய்வாக வெட்டி ஒட்டியதுதான் கூர்மூலை எல்போ. அதில் காற்று சுவரில் முட்டித்தான் திரும்பும். 6 அங்குலத்தில் அப்படி மூன்று வைத்தால் எல்போக்கள் மட்டுமே ஏறத்தாழ 130 பாஸ்கல் அழுத்தத்தைத் தின்றுவிடும். சுவரில் பொருத்தும் சாதாரண இலைவிசிறி அந்தத் தடைக்கு முன்னால் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். சத்தம் வரும், காற்று வராது. அதே மூன்றையும் 8 அங்குலத்தில், ஐந்து துண்டுகளாக வளைத்துச் செய்த எல்போவாக வைத்தால் மொத்தத் தடை 10 பாஸ்கலைத் தொடாது. வளைவின் நடுக்கோட்டு ஆரம் குழாய் விட்டத்தில் ஒன்றரை மடங்கு, அதாவது 12 அங்குலம் இருக்கட்டும். தகரப்பட்டறையில் இந்த அளவைச் சொல்லிச் செய்யச் சொல்லுங்கள். விசிறி வாய் 6 அங்குலமாக இருந்தால் அங்கே இரண்டு அளவையும் இணைக்கும் ஒரு ரிடியூசர் போட்டு 8 அங்குலத்துக்கு விரித்துக்கொள்ளலாம். அது திடீரென்று அகலாமல், ஓர் அடி நீளத்தில் மெல்ல விரிய வேண்டும்.

அடுத்தது தண்ணீர். உங்கள் அறை 25 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதத்தோடு இருந்தால், 23 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தத் தகரத்திலும் அந்தக் காற்று வியர்க்கும். மார்கழி விடியலில் வெளிக்குழாய் அதைவிடக் குளிர்ந்திருக்கும். ஆகவே தண்ணீர் வரத்தான் செய்யும். அது போகும் வழியை நாம் தீர்மானித்துவிட வேண்டும்.

சாமான் அறையில் ஓடும் குழாய் வெளிப்பக்கமாக அடிக்குக் கால் அங்குலம் சரியட்டும். மேலே திரும்பும் மூன்றாவது இடத்தில் எல்போ வேண்டாம், மூன்று வாய் உள்ள ‘டி’ (T) வடிவ இணைப்பு ஒன்று வையுங்கள். அதன் கீழ்வாயில் கழற்றக்கூடிய மூடி, மூடியில் அரை அங்குல வடிகுழாய். வடிகுழாயை மூன்று அங்குல ஆழத்துக்கு வளைத்துவிட்டால் உள்ளே தண்ணீர் தங்கும், காற்று அந்த வழியே ஒழுகாது. டி என்பது தடையில் கூர்மூலை எல்போவுக்குச் சற்றும் இளைத்ததல்ல. ஆனால் துடைக்க ஒரு வாசல் வேண்டும், தண்ணீர் வடிய ஓர் இடம் வேண்டும். இந்த ஓர் இடத்தில் அந்தச் செலவை ஏற்கலாம்.

இணைப்பின் திசையைப் பலரும் கவனிப்பதில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முனை சுருக்கம் வைத்தது, மறுமுனை வாய் விரிந்தது. சுருக்கு முனை காற்று போகும் பக்கம் பார்க்க வேண்டும் என்று பட்டறையில் சொல்வார்கள். கிடைக் குழாயில் அது சரி. காற்றும் தண்ணீரும் அங்கே ஒரே பக்கம்தான் போகின்றன. மேலே ஏறும் குழாயில் காற்று மேலே, தண்ணீர் கீழே. அங்கே தண்ணீரின் பேச்சைத்தான் கேட்க வேண்டும். மேல்துண்டின் சுருக்கு முனை கீழ்த்துண்டுக்குள் இறங்கட்டும். ஓடு வேயும்போது மேலோடு கீழோட்டின் மேல் ஏறி உட்காரும், மழை வெளியே ஓடுவதால். இங்கே நீர் உள்ளே ஓடுகிறது, ஆகவே அதற்கு நேர்மாறு. நானே ஒருமுறை இதைத் தலைகீழாக மாட்டிவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலிருந்தும் துருத்தண்ணீர் கசிந்து வெள்ளைச் சுவரில் கோடு கோடாக இறங்கியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிரித்து மாட்ட ஒரு நாள் போனது.

இணைப்புக்கு மூன்று திருகுகள் போதும், அடிப்பக்கம் மட்டும் திருகு வேண்டாம். நீளவாக்கு மடிப்புத் தையல் உள்ள குழாயானால் தையல் மேலே பார்க்கட்டும். இணைப்பின் மேல் அலுமினியத் தாள் டேப் ஒட்டுங்கள். துணி டேப் ஈரத்தில் உரிந்துவிடும். சிலிக்கான் பூசுவதானால் வினிகர் வாடை அடிப்பதை வாங்காதீர்கள். அதன் அமிலம் துத்தநாகப் பூச்சை அரிக்கும். வாடையற்ற நடுநிலை வகை கிடைக்கிறது.

தகரம் சதுர மீட்டருக்கு 120 கிராம் துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ., அரை மில்லிமீட்டர் கனம் போதும். அலுமினியக் குழாய் பளபளப்பாக இருக்கும், ஆனால் சுண்ணாம்பு நீர் பட்டால் அரித்துவிடும். நம் கொட்டகையில் சுண்ணாம்பு படாத பொருள் ஏது? பிளீச்சிங் பவுடர் கரைசல் தெளித்துக் கிருமி நீக்கும் நாளில் விசிறியை நிறுத்திவிடுங்கள். குளோரின் ஜி.ஐ.யையும் சும்மா விடாது.

உச்சியில் மழைக்குல்லாய் வைத்தால் வாயிலிருந்து 8 அங்குலம் தள்ளியே வையுங்கள். ஒட்டி வைத்தால் மீண்டும் மூச்சு முட்டும். ஈ வலையைக் குழாய் வாயில் நேரடியாகக் கட்டாமல், அகலமான பெட்டி செய்து அதில் அடியுங்கள். உள்ளே வரும் காற்றுக்கும் அப்படியே. எதிர்ச்சுவரில் குழாய் வாயைவிட இரண்டு மடங்காவது திறப்பு இல்லாவிட்டால், இத்தனை செலவும் மூடிய பாட்டிலை உறிஞ்சுவதுதான்.

மொட்டுப் பருவம் முடிந்ததும் டி மூடியைத் திறந்து துடையுங்கள். உள்ளே மாவு போல வெண்மையாகப் படிந்திருப்பது காளான் வித்துகள். உலர்ந்தபடி தட்டினால் நேரே நுரையீரலுக்குப் போகும். ஈரத்துணியும், மூக்கை ஒட்டி நிற்கும் முகக்கவசமும் இல்லாமல் அந்த மூடியில் கை வைக்காதீர்கள்.