செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறவருக்கு

கேள்வி: பெற்றோர் பிழைப்புக்காகப் பம்பாய் போனதால், நான்கு வயது முதல் முக்கூடலில் பீடி சுற்றிய ஆச்சியிடம் வளர்ந்தேன். கோயில் கொடைக்கு வருகிறவர்கள், நான் தூங்கும்போது சொல்லாமல் போய்விடுவார்கள். இன்று மனைவி போனை எடுக்கத் தாமதித்தாலே சந்தேகம் வருகிறது. ஊர் திரும்பிவிட்ட அப்பா கூப்பிட்டால் எடுப்பதில்லை. ஐந்து வயதுக்குள் பட்ட காயம் ஆறாதாமே? எனக்கு மதுரையில் வேலை. மகள் விழித்தால் அழுவாள் என்று, திங்கட்கிழமை விடியுமுன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு புறவாசல் வழியாகக் கிளம்பிவிடுவேன்.
- வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: கடிதம் முழுக்க அப்பாவைக் குற்றம் சாட்டிவிட்டு, அவர் செய்ததையே அவரைவிடப் பக்குவமாகச் செய்வதைக் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அவர் பம்பாய்க்குப் போனார். நீங்கள் மதுரைக்குப் போகிறீர்கள். மகளுக்கு இரண்டும் ஒரே தூரம்தான்.

குழந்தையின் பிரிவுத் துயரைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951-இல் அறிக்கை எழுதிய பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி, பின்னாளில் இதை விரிவாகவே விளக்கினார்: தன்னை வளர்ப்பவர் கூப்பிட்டால் வருவாரா, போனால் திரும்புவாரா என்பதைக் குழந்தை முதல் சில ஆண்டுகளிலேயே மனத்தில் பதித்துக்கொண்டு, பிற்பாடு வரும் உறவுகளையும் அதை வைத்தே எடைபோடுகிறது. சொல்லிக்கொண்டு போனால் பிள்ளை அழும். அழுது ஓய்ந்தபின், அப்பா என்றைக்கு வருவார் என்று கேட்கவாவது அதற்கு வழியுண்டு. சொல்லாமல் போனால், கண்ணை மூடினால் ஆள் காணாமல் போவார் என்று பயந்து தூக்கத்தையே வெறுக்கும். மனைவி போனை எடுக்காத இரண்டு நிமிடத்தில் உங்களைப் பிடித்து ஆட்டுவதும் அந்தப் பழைய பயமாகவே இருக்கும்; அதற்கு அந்தப் பெண் என்ன செய்வார்? மகளின் அழுகையைக் காண உங்களுக்குத் தெம்பில்லை, அதனால்தான் ஒளிந்து போகிறீர்கள். அதற்குப் பாசம் என்று பெயர் சூட்டாதீர்கள்.

ஐந்து வயதோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை, எமி வெர்னர் என்ற உளவியலாளர் தம் குழுவினருடன் நடுவயது வரை தொடர்ந்து கவனித்தார். வறுமையும் குடும்பச் சிக்கலும் சேர்ந்து அழுத்தியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாகவே தலையெடுத்தார்கள். பெற்றோர் இல்லாவிட்டாலும், பாட்டியோ வேறு பெரியவரோ ஒருவராவது மாறாத அன்போடு உடனிருந்தது அவர்களுக்குக் கை கொடுத்தவற்றுள் ஒன்று. மற்றவர்களில் பெரும்பாலோர் தடுமாறினார்கள் என்பதையும் மறைக்க மாட்டேன். உங்களுக்கு ஆச்சி வாய்த்தார். அவருக்கு இவ்வளவு பெரிய கடிதத்தில் ஒரே ஒரு சொல்!

வரும் திங்கட்கிழமை மகளை அரை மணி நேரம் முன்னதாக எழுப்பி, மடியில் வைத்துக்கொண்டு, சனிக்கிழமை வருவேன் என்று சொல்லிவிட்டு முன்வாசல் வழியாகப் போங்கள். சொன்ன நாளில் வந்தும் சேருங்கள். சந்தேகம் அடங்கவில்லையென்றால், பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போவதில் வெட்கமில்லை. அப்பாவின் போனை எடுங்கள். பெற்றவரிடம் நியாயம் கேட்கும் உரிமை பிள்ளைக்கு உண்டு; வயதானவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓயவிடும் உரிமை கிடையாது. ஏன் சொல்லாமல் போனீர்கள் என்று அவரிடமே கேளுங்கள். அவர் பதில் சொல்லும்வரை உட்கார்ந்திருங்கள்.