இரவு 11 மணிக்கு 'தூங்கியாச்சா?'

கேள்வி: இரவு 11 மணிக்கு மேல் மேலாளர் வாட்ஸ்அப்பில் 'தூங்கியாச்சா? ஒரு போட்டோ அனுப்பு' என்கிறார். பதில் போடாவிட்டால் மறுநாள் கடுகடுப்பு. பிளாக் பண்ணிவிடலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: அவசரப்படாதீர்கள், முதலில் ஆதாரம். செய்தி வந்தவுடனே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அனுப்பியவர் பிறகு அழித்துவிடலாம். நீங்கள் சேமித்த பெயர் மட்டும் தெரிந்தால் போதாது; அவருடைய எண் தெரியும் பக்கத்தையும் எடுங்கள். 'எக்ஸ்போர்ட் சாட்' கொடுத்து முழு உரையாடலையும் சொந்த மெயிலுக்கு அனுப்பி வையுங்கள்.

பிறகு ஒரே ஒரு பதில்: 'சார், வேலை விஷயத்தை அலுவலக நேரத்தில் அனுப்புங்கள். இந்த மாதிரிச் செய்திகள் வேண்டாம்.' ஸ்மைலி கூடாது, 'ஸாரி'யும் கூடாது. மரியாதைக்குப் போட்ட அந்தச் சிரிப்பைத்தான் விசாரணையில் 'சம்மதம்' என்று காட்டுவார்கள்!

தொடர்ந்தால், பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படி, உங்கள் நிறுவனத்தின் உள்ளகப் புகார் குழுவிடம் எழுத்தில் கொடுங்கள். எச்.ஆரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னது புகாராகாது. கடைசிச் செய்தி வந்த 3 மாதத்துக்குள், 6 பிரதிகள், ஆதாரத்தோடு. தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் தரலாம். பத்துப் பேருக்குக் குறைவான நிறுவனமா? மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் போகலாம்.