ஒற்றைக்கை செரெல்டா யார்?

அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் கியர்னியில், அந்தக் காலக் கொள்ளையர் ஜெஸ்ஸி ஜேம்ஸின் குடும்பக் கல்லறையில் இரண்டு மணி நேரம் தேடியும் லெட்டர்பாக்ஸ் (குறிப்பை வைத்துத் தேடிக் கண்டுபிடித்து முத்திரை பதிக்கும் விளையாட்டுக்காக ஒளித்து வைக்கும் பெட்டி) கிடைக்கவில்லை என்கிறீர்கள். 'ஒற்றைக்கை செரெல்டாவிடமிருந்து கிழக்கே 30 நடை' என்பதுதானே குறிப்பு? நீங்கள் தப்பான செரெல்டாவிடமிருந்து அளந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

அங்கே செரெல்டா இரண்டு பேர். ஜெஸ்ஸியின் மனைவி 'ஸீ' அவருக்குச் சொந்த அத்தை மகள். நம்மூர்க் கணக்கில் முறைப்பெண்! மாமியார் பெயரையே அவருக்கும் வைத்திருந்தார்கள். அந்த மாமியார்தான் உங்களுக்கு வேண்டியவர். 1875 ஜனவரியில் பிங்கர்டன் துப்பறியும் ஆட்கள் பண்ணை வீட்டுக்குள் எறிந்த தீக்குண்டு வெடித்து, சின்ன மகன் ஆர்ச்சி இறந்தான், இவருக்கு வலது முன்னங்கை போனது. ஜேம்ஸ் என்ற பெயரில் தேடாதீர்கள். மூன்றாவது கணவர் டாக்டர் ரூபன் சாமுவேல், அதனால் சாமுவேல் என்று பாருங்கள். இறந்தது 1911.

அப்புறம் அந்த 'நடை'. சிலர் ஒரு எட்டை ஒரு நடை என்பார்கள், சிலர் இரண்டு எட்டை. 30 எட்டில் ஒன்றும் இல்லையென்றால் 60 வரை போய்ப் பாருங்கள். கல்லறைக் கல்லை அசைக்கவோ மண்ணைத் தோண்டவோ வேண்டாம். பெட்டி வைப்பவர்கள் பெரும்பாலும் மர வேரடியிலோ வேலியோரத்திலோதான் ஒளித்து வைப்பார்கள். ரப்பர் முத்திரையோடு மைப்பெட்டியும் எடுத்துப் போங்கள், உள்ளே இருப்பது காய்ந்திருக்கலாம்.