கை எட்டாத இடத்தில் துருப்பிடித்த சைலன்சர் நட்டு: உடைக்காமல் கழற்றுவது எப்படி?

கேள்வி: முன்சக்கரம் ஓட்டும் பழைய கார். என்ஜின் புகையைச் சேர்த்து வெளியே விடும் மேனிஃபோல்டும் கீழே இறங்கும் பைப்பும் சேரும் ஃபிளேஞ்சில் (இணைப்புத் தட்டில்), கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போய்விட்டது. அங்கே 13 மி.மீ. நட்டு மூன்று. கீழே இருந்தது வந்துவிட்டது. மேல் இரண்டும் என்ஜினுக்கும், ஆள் உட்காரும் பகுதியைப் பிரிக்கும் தடுப்பான ஃபயர்வாலுக்கும் நடுவில் இருக்கின்றன, ஸ்பேனரைக் கொஞ்சம்கூடச் சுழற்ற இடமில்லை. ஒன்றின் முனை மழுங்க ஆரம்பித்துவிட்டது. ஸ்பேனரில் நீளமான பைப்பைச் செருகி அழுத்தலாமா?

பதில்: வேண்டாம், பைப்பை ஓரமாக வையுங்கள். 8 மி.மீ. ஸ்டட்டில் (தலையில்லாத மரைக் கம்பியில்) இருக்கும் நட்டை இறுக்குவதே வழக்கமாக 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் வாக்கில்தான், அதாவது அரை மீட்டர் கைப்பிடியின் நுனியில் சுமார் 5 கிலோ அழுத்தம் போதும். அதே கைப்பிடியில் நீங்கள் உடம்பைச் சாய்த்து அழுத்தினால் அதைப்போலப் பல மடங்கு போகும். வருஷக்கணக்கில் சூடாகி ஆறி, துரு தின்று மெலிந்துபோன ஸ்டட் அதைத் தாங்காது, மரையில் நட்டு அசையும் முன்பே ஸ்டட் முறுக்கிக்கொண்டு துண்டாகும்.

எந்த நட்டிலும் கை வைக்கும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: இது உடைந்தால் பரவாயில்லையா, உடையவே கூடாதா? ஃபிளேஞ்சுக்குள் புகுந்து மறுபக்கம் வரும் போல்ட் என்றால் உடைந்தால் உடையட்டும், தட்டி எடுத்துவிட்டுப் புதிது போடலாம். உங்கள் காரில் இருப்பது மேனிஃபோல்டில் திருகி நிற்கும் ஸ்டட். உடைந்தால் வேலை கூடும், ஆனால் மேனிஃபோல்டைக் கழற்றி வெளியே வைத்துச் சரிசெய்ய முடியும். என்ஜினின் மேல்பகுதியான அலுமினிய சிலிண்டர் ஹெட்டுக்குள் போகும் ஸ்டட்தான் ஆபத்தானது. அது ஹெட்டோடு ஒட்ட உடைந்தால், வீட்டில் செய்யும் வேலை அதோடு முடிந்தது. மேனிஃபோல்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்று வந்தால் அந்த ஸ்டட்களுக்கு இதைவிடப் பல மடங்கு பொறுமை வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். சமதளத்தில் காரை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஸ்டாண்டில் உட்கார வைத்த பிறகுதான் கீழே போக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு நிமிஷம்கூடப் படுக்காதீர்கள். கண்ணாடி கட்டாயம் போடுங்கள், சைலன்சர் வேலையில் துரு நேராகக் கண்ணில்தான் விழும்.

முதல் நாள் மாலை, என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். நிறைய பேர் இதைச் செய்வதில்லை. வெளியே தெரியும் மரையில் துரு கட்டியாக இருந்தால், நட்டு உள்ளே லேசாகச் சுழன்றாலும் அந்தத் துருவில் வந்து மாட்டி மறுபடி இறுகிவிடும். தேய்த்த பிறகு துரு இளக்கும் பெனட்ரேட்டிங் ஆயிலை அடித்து, சுத்தியலால் நட்டின் பக்கவாட்டில் லேசாகத் தட்டி, சில மணி நேரம் விட்டு மறுபடி அடியுங்கள். கதவு கிறீச்சிட்டால் அடிக்கும் பொதுவான ஸ்ப்ரேயை விட, இதற்கென்றே விற்கும் ஆயில் நன்றாக இறங்கும். ராத்திரி முழுக்க ஊறட்டும்.

மறுநாள் முதலில் இடத்தை உண்டாக்குங்கள். வெப்பத்தைத் தடுக்கும் தகட்டைக் கழற்றுங்கள், ஆக்சிஜன் சென்சார் வயரை இணைப்பில் பிரித்து ஒதுக்கி வையுங்கள். பல கார்களில் என்ஜின் முன்னும் பின்னும் ஆடாமல் பிடிக்கும் டார்க் மவுன்ட்டின் போல்ட்டைக் கழற்றினால், என்ஜினை முன்பக்கம் சில சென்டிமீட்டர் சாய்த்துக் கட்டை கொடுத்து நிறுத்தலாம். அந்தச் சில சென்டிமீட்டரில் கையே உள்ளே போய்விடும். ஆனால் மற்ற மவுன்ட்டுகள் நல்ல நிலையில் இருக்கின்றனவா, சாய்க்கும்போது ஏதாவது ஹோஸோ வயரோ இழுபடுகிறதா என்று பார்த்துக்கொண்டே சாய்த்திடுங்கள்.

அப்புறம் சாக்கெட். பன்னிரண்டு முனை சாக்கெட்டைத் தொடாதீர்கள், அது நட்டின் மூலைகளை மட்டும் பிடித்து மழுக்கும். ஆறு முனை சாக்கெட், முழுதாக உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். மழுங்க ஆரம்பித்த நட்டுக்கு அரை அங்குல அளவு சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி ஏற்றிப் பாருங்கள், அது 12.7 மி.மீ., துரு தின்று சிறுத்த 13 மி.மீ. நட்டில் கச்சிதமாகப் பிடிக்கும்.

ஸ்பேனரைச் சுழற்ற இடமில்லை என்றால் கையை அங்கே கொண்டுபோகாதீர்கள், கைப்பிடியை இடமிருக்கும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். சாக்கெட்டை நீட்டிக்கும் எக்ஸ்டென்ஷன் கம்பிகளை ஒன்றோடு ஒன்று சேர்த்து கீழே கியர்பாக்ஸ் பக்கமாக வெளியே எடுத்தால், கைப்பிடி திறந்த இடத்தில் சுழலும். நேராகப் போகாத இடத்தில் வளைந்தபடியே சுழலும் ஒரு யுனிவர்சல் ஜாயின்ட்டை நட்டுக்குப் பக்கத்தில் போடுங்கள். அது தொங்கி விழுந்து உங்களைப் படுத்தும், அதனால் இன்சுலேஷன் டேப்பை இரண்டு மூன்று சுற்று சுற்றிக் கொஞ்சம் விறைப்பாக்கிக்கொள்ளுங்கள். வளைவு அதிகமானால் சாக்கெட் கோணலாகி நட்டிலிருந்து நழுவும், ஆகவே முடிந்தவரை நேர்கோட்டுக்கு அருகில் வாருங்கள். ஒல்லியான எக்ஸ்டென்ஷன் முறுக்கிக்கொண்டு விசையை விழுங்கிவிடும், அரை அங்குல டிரைவ் (சாக்கெட் மாட்டும் சதுர முனை) கொண்டதே நல்லது.

முதல் அசைவு கழற்றும் பக்கம் வேண்டாம், இறுக்கும் பக்கம் ஒரு துளி. துரு உடையும் ஒரு சின்ன “டக்” சத்தம் கேட்கும், அதுதான் வேண்டும். பிறகு மெதுவாகத் திருப்புங்கள். கால் சுற்று வெளியே, அரைக்கால் உள்ளே, ஆயில், மறுபடி. கைப்பிடி கனமாகிக்கொண்டே போனால் அழுத்தாதீர்கள், திரும்பிப் போங்கள். ரப்பரைத் திருகுவதுபோல் கொழகொழவென்று சுழல்கிறது, நட்டு மட்டும் நகரவில்லை என்றால் ஸ்டட் முறுக்குகிறது, அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அதற்குப் பிறகும் அசையாவிட்டால் சூடு. நட்டை மட்டும் சூடாக்க வேண்டும், ஸ்டட்டை அல்ல. 8 மி.மீ. மரைக்கு நட்டு ஸ்டட்டை விட 300 டிகிரி கூடச் சூடானால் துவாரம் சுமார் 0.03 மி.மீ. அகலும். கேட்கக் கொஞ்சம்தான், ஆனால் மரையில் இருக்கும் பிடி விட அது போதும். உங்கள் காரில் அந்த இடத்தில் எரிபொருள் குழாய், பிரேக் குழாய், வயர் எல்லாம் பக்கத்தில் இருக்கும், அதனால் நெருப்புச் சுடரை விட சுடர் இல்லாமல் மின்சாரத்தால் சூடாக்கும் இண்டக்‌ஷன் காயில் சாதனம் எவ்வளவோ மேல். சுடர்தான் கையில் இருக்கிறது என்றால் நேற்று அடித்த ஆயிலை முழுதாகத் துடைத்து உலர விடுங்கள், தீயணைப்பானைக் கையெட்டும் தூரத்தில் வையுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் சுடரைக் காட்டவே கூடாது, அதிலிருந்து வரும் வாயு உயிருக்கே ஆபத்து. சுடரை அணைத்து எடுத்த பிறகு, நட்டு சூடாக இருக்கும்போதே மெழுகுவர்த்தியை மரையில் தொட்டால் மெழுகு உருகி உள்ளே இழுக்கப்படும், ஆறும்போது அதுவே வழுக்கும். இந்த வேலைக்கு நான் மிகவும் நம்புவது இதைத்தான்.

அப்படியும் முடியாவிட்டால் நட்டைக் காப்பாற்ற நினைக்காதீர்கள், ஸ்டட்டைக் காப்பாற்றுங்கள். நட் ஸ்பிளிட்டர் உள்ளே போகுமென்றால் அதை வைத்துப் பிளந்துவிடுங்கள். போகாவிட்டால் ஒரு பக்கத்தை மரைக்குப் படாமல் அறுத்து, உளியால் விரித்து எடுங்கள்.

திரும்பப் பூட்டும்போது புது கேஸ்கெட், புது நட்டுகள், முடிந்தால் செம்பு பூசியவை. மரையில், இறுகி ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் நிக்கல் ஆன்டி-சீஸ் பசை மெலிதாக. அது வழுக்கும் என்பதால் காய்ந்த மரைக்குக் கொடுத்த இறுக்க அளவை அப்படியே போட்டால் ஸ்டட்டில் விழும் இழுப்பு கூடிவிடும், கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். சாய்த்த என்ஜினை முதலில் பழைய இடத்துக்கு விட்டு டார்க் மவுன்ட்டைப் பூட்டுங்கள். மூன்று நட்டையும் கையால் உட்கார வைத்து, பிறகு மாறி மாறி இறுக்குங்கள். காரை ஓட்டி, நன்றாக ஆறவிட்டு, ஒரு முறை இறுக்கத்தைச் சரிபார்த்துவிடுங்கள்.