பைக் சத்தம் கேட்டால் கை மரத்துப்போகிறது: யாரிடம் போவது?

கேள்வி: எனக்கு 34 வயது. கணவரின் அடி தாங்காமல் பத்து மாதங்களுக்கு முன் மகனோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். இப்போதும் வாசலில் பைக் வந்து நின்றால் கை மரத்துப்போகிறது. தூக்கமில்லை, மறதி கூடிவிட்டது. மாத்திரை எடுத்தால் அதற்கே அடிமையாகிவிடுவாய் என்கிறார் அண்ணன். இருவருமாகக் கவுன்சிலிங் போனால் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். என்ன செய்வது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பைக் சத்தம் நின்றால் அடுத்த ஐந்து நிமிடத்தில் என்ன நடக்கும் என்பதை உங்கள் உடம்பு ஆண்டுக்கணக்கில் படித்து வைத்திருக்கிறது. வீடு மாறியது உங்களுக்குத் தெரியும். உடம்புக்கு இன்னும் தெரியவில்லை. தெரியவைக்க வழி இருக்கிறது.

முதலில் மறதியைப் பற்றி ஒரு வார்த்தை. அடி தலையில் விழுந்ததா, கழுத்தை நெரித்ததுண்டா என்று நீங்கள் எழுதவில்லை. உண்டென்றால், மனநல சிகிச்சைக்குக் காத்திராமல் பொது மருத்துவரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ அதைச் சொல்லிவிடுங்கள். எல்லா மறதிக்கும் மன உளைச்சலே காரணம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

மாமியார் சொல்லும் கூட்டுக் கவுன்சிலிங் இப்போது வேண்டாம். அடித்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்கள் உண்மையைச் சொல்ல முடியாது. சொன்னால் அதற்கான விலையை வெளியே வந்து கொடுக்க நேரிடும். கணவன் மனைவி சண்டைக்குப் பஞ்சாயத்துச் செய்வது வேறு, ஒருவர் அடித்து மற்றவர் அடிபட்டதற்கு மருத்துவம் பார்ப்பது வேறு. உங்களுக்கு வேண்டியது தனியாக, உங்களுக்கென்றே உள்ள சிகிச்சை.

உளவியல் ஆலோசகர் முதல் சந்திப்பிலேயே பழைய கதையைக் கிளற மாட்டார். இன்னும் கணவர் போன் செய்கிறாரா, மகனைப் பார்க்கிற சாக்கில் வருகிறாரா, உங்கள் போனின் கடவுச்சொல் அவருக்குத் தெரியுமா என்றுதான் கேட்பார். ஆபத்து தொடரும்போது பயத்தைக் குறைக்க முயல்வது, நாய் நிற்கும்போதே கதவைத் திறந்துவிடுவது போல. பாதுகாப்பு உறுதியான பிறகுதான் மற்றவை.

அதன் பின், அதிர்ச்சி நினைவுகளுக்கென்றே உள்ள அறிவுசார் நடத்தைச் சிகிச்சை, அதாவது எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை. இதில் ஒரு வகை பொதுவாக 12 அமர்வுகள் நடக்கும். "நான் எதிர்த்துப் பேசாமல் இருந்திருந்தால் அடித்திருக்க மாட்டார்" என்று எழுதிக்கொண்டு வருவீர்கள். எதிரில் இருப்பவர் "வேலையிடத்தில் மேலாளர் திட்டியபோது உங்கள் கணவர் அவரை அடித்தாரா?" என்று கேட்பார். அங்கே அடங்கிய கை, வீட்டில் மட்டும் ஏன் ஓங்கியது? பல வருடப் பழியைச் சில நேரம் இந்த ஒரு கேள்வியே அசைத்துவிடுவதுண்டு. கண்ணசைவைப் பயன்படுத்தும் இஎம்டிஆர் முறையும் உண்டு. வன்முறையிலிருந்து வெளியே வந்த பிறகும் அதிர்ச்சி பாதிப்புள்ள பெண்களுக்கு இந்த இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தது.

பலன் எவ்வளவு? 33 ஆய்வுகளை, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் அனுபவத்தை, 2020இல் தொகுத்துப் பார்த்தார்கள். மனச்சோர்வு குறைகிறது என்பதற்கு ஓரளவு நல்ல சான்று இருக்கிறது, பதற்றமும் குறையக்கூடும். அதிர்ச்சி பாதிப்பைப் பொறுத்தவரை அந்தத் தொகுப்பால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆகவே பன்னிரண்டாவது அமர்வோடு எல்லாம் மறைந்துவிடும் என்று எண்ண வேண்டாம்.

அண்ணன் சொல்வதில் பாதி சரி. சில தூக்க மாத்திரைகள் பழகிவிடும். ஆனால் செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் அந்த ரகம் இல்லை. வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான்.

மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். அரசின் மனநல உதவி எண்ணான 14416க்கு அழைத்தால் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. 181 பெண்கள் உதவி எண், அரசின் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழிகாட்டும். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி பாதுகாப்பு உத்தரவு கேட்கவும் அங்கே உதவுவார்கள். நீங்கள் சொல்வதை ரகசியமாக வைத்திருக்க வேண்டியது 2017 மனநலச் சட்டப்படி மனநலச் சிகிச்சை அளிப்பவர்களின் கடமை.

முதல் நாளே "அடிபட்ட பெண்களுக்குச் சிகிச்சை அளித்திருக்கிறீர்களா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். "கொஞ்சம் அனுசரித்துப் போங்களேன்" என்று யாராவது ஆரம்பித்தால், அடுத்த முறை வேறொருவரிடம் போய்விடுங்கள்.