சக்தி இருக்கிறது, அதனால் என்ன? மாப் சைக்கோ 100 பற்றி ஒரு பதில்

கேள்வி: அமானுஷ்ய சக்தி கொண்ட பள்ளி மாணவர்கள் வரும் தொடர்கள் நிறையப் பார்த்துவிட்டேன். எல்லாவற்றிலும் ஒரு ரகசியப் பள்ளி, ஒரு நுழைவுத் தேர்வு, நடுவில் ஒரு போட்டி, கடைசியில் உலகத்தை அழிக்க வரும் வில்லன். இந்த வாய்பாட்டில் அடங்காத தொடர் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. மாப் சைக்கோ 100 என்ற ஜப்பானிய அனிமே, அதாவது கார்ட்டூன் தொடர். நீங்கள் சொன்ன நான்கில் கடைசி ஒன்று மட்டும் இதிலும் உண்டு. உலகத்தைப் பிடிக்கக் கிளம்பும் ஒரு கும்பல் வருகிறது. ஆனால் கதை அந்தக் கும்பலைப் பெரிதாக மதிப்பதே இல்லை. எனக்கு இந்தத் தொடர் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன் என்ற புனைபெயரில் எழுதும் ஜப்பானிய மாங்கா (காமிக்ஸ்) ஆசிரியர் 2012 முதல் 2017 வரை உரா சண்டே என்ற இணையத்தளத்தில் வரைந்த கதை இது. மொத்தம் 16 தொகுதிகள். எதிராளியை ஒரே குத்தில் சாய்த்துவிட்டு அலுத்துப்போய் நிற்கும் மொட்டைத்தலை ஹீரோவை (ஒன் பஞ்ச் மேன்) படைத்தவரும் இவர்தான். போன்ஸ் ஸ்டுடியோ இதை 2016, 2019, 2022 என மூன்று சீசன்களாக அனிமேவாக்கியது. எல்லாம் சேர்த்து 37 அத்தியாயங்கள். கதை முழுவதும் முடிந்துவிட்டது, பாதியில் அந்தரத்தில் விடாது.

இதில் ரகசியப் பள்ளி கிடையாது. சாதாரண ஊர், சாதாரணப் பள்ளி. ஊரின் பெயருக்கு மசாலா நகரம் என்று பொருள், நாயகன் படிப்பது உப்புப் பள்ளி, பக்கத்துப் பள்ளி கறுப்பு வினிகர் பள்ளி. ஆசிரியருக்கு இடங்களுக்குப் பெயர் வைப்பதில் எவ்வளவு சிரத்தை இருந்திருக்கிறது பாருங்கள்! நாயகன் ஷிகெயோ ககெயாமா, நம் கணக்கில் எட்டாம் வகுப்புப் பையன். கிண்ணத்தைக் கவிழ்த்து வெட்டியது போன்ற தலைமுடி, முகத்தில் எந்த உணர்ச்சியும் தெரியாது. எல்லோரும் மாப் என்று கூப்பிடுகிறார்கள். நினைத்தாலே பொருள்களைத் தூக்குவான், பேய்களைக் கரைத்துவிடுவான். அவனை மிஞ்ச ஆள் கிடைப்பது கஷ்டம் என்பது முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஆகவே "இவன் ஜெயிப்பானா?" என்ற கேள்வி கதையில் எழுவதே இல்லை.

அவனுக்கு வேண்டியது என்ன? சுபோமி என்ற பெண்ணிடம் தைரியமாகப் பேச வேண்டும். சின்ன வயதில் அவள் முன்னால் பொருள்களை மிதக்கவிட்டுக் காட்டியிருக்கிறான். கொஞ்ச நாள் ரசித்துவிட்டு, அவள் அலுத்துப்போய் வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். தன் சக்தியால் இந்த இடத்தில் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று பையனுக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது.

இந்த இடத்தில் வரும் ஒரு காட்சியைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், தொடரின் குணம் அதில் தெரியும். பள்ளியில் டெலிபதி மன்றம் என்று ஒன்று இருக்கிறது. உறுப்பினர்கள் நான்கே பேர். நொறுக்குத்தீனி தின்றுகொண்டு வீடியோ கேம் ஆடுவதைத் தவிர வேறு வேலை இல்லை. ஐந்தாவது ஆள் சேராவிட்டால் மன்றத்தை மூடிவிடுவோம் என்கிறது மாணவர் சங்கம். மன்றத் தலைவி தோமே குராடா மாப்பைப் பிடித்து உட்காரவைத்துக் கெஞ்சுகிறாள். வேறு தொடராக இருந்தால் இங்கேதான் நாயகன் தன் சக்தியைக் காட்டுவான், எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். மாப் யோசிக்கிறான், மறுத்துவிடுகிறான். போய்ச் சேர்வது உடற்கட்டு மன்றத்தில். ஓட்டம், தண்டால், பஸ்கி. பொருள்களை மனதாலேயே நகர்த்திப் பழகியவன் என்பதால் உடம்பில் தெம்பே கிடையாது. ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் மயங்கி விழுந்துவிடுகிறான். மலை மாதிரி உடம்பு வளர்த்த அண்ணன்கள் அவனைத் தூக்கிக்கொண்டு மீதி ஓட்டத்தை ஓடுகிறார்கள். ஒருவர்கூடக் கேலி செய்வதில்லை. தசை வளர்த்த பையன்கள் என்றால் முரடர்கள் என்று காட்டியே பழகிய பள்ளிக்கூடக் கதைகளுக்கு நடுவில் இவர்களைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம்.

அப்புறம் ரெய்கென். என் கணக்கில் தொடரின் உண்மையான நாயகன் இவர்தான். வயது 28. பேயோட்டும் ஆலோசனை அலுவலகம் ஒன்று வைத்திருக்கிறார். இருபத்தோராம் நூற்றாண்டின் மிகப் பெரிய மனோசக்தியாளர் என்று தானே சொல்லிக்கொள்வார். துளிக்கூடச் சக்தி கிடையாது. பேய் பிடித்துவிட்டது என்று தோள்வலியோடு வருகிறவர்களுக்கு நன்றாக மசாஜ் செய்து அனுப்புவார், வலி போய்விடும். புகைப்படத்தில் ஆவி தெரிகிறது என்றால் கணினியில் அழித்துக் கொடுத்துவிடுவார். நிஜப் பேய் வந்துவிட்டால் மாப்புக்குப் போன் போகும். பையனுக்குச் சம்பளம் மணிக்கு 300 யென். ஜப்பானில் சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கூலியில் இது பாதிகூடத் தேறாது. முதல் அத்தியாயத்தில் பேயின் மேல் அவர் பெரிய பந்தாவோடு உப்பை வீசுகிறார். சமையலறையில் இருக்கும் சாதா உப்பு!

ஆக, ஆள் ஏமாற்றுக்காரர், சின்னப் பையனின் உழைப்பைச் சுரண்டுகிறவர். இதை ஆசிரியர் மறைக்கவே இல்லை. ஆனால் தன் சக்தியைப் பார்த்துத் தானே பயந்துபோய், வழி கேட்டு வந்த ஆரம்பப் பள்ளிச் சிறுவனிடம் சரியான விஷயத்தைச் சொன்ன ஒரே பெரியவரும் இவர்தான். சிலர் வேகமாக ஓடுவார்கள், சிலர் நன்றாகப் படிப்பார்கள், சிலர் மேல் வியர்வை நாற்றம் அடிக்கும், உன் சக்தியும் அப்படி ஒரு குணம்தான், அதனால் நீ மற்றவர்களைவிட உயர்ந்தவன் ஆகிவிட மாட்டாய் என்கிறார். கத்தியை மனிதர்கள் பக்கம் திருப்பக் கூடாது இல்லையா, இதையும் திருப்பாதே என்கிறார். வாய்க்கு வந்ததை அடித்துவிட்ட ஆள்தான். ஆனால் பையன் அதைப் பிடித்துக்கொண்டு வளர்கிறான். சக்தியுள்ள பிள்ளைகளைப் பற்றிய கதைகளில் நான் கேட்ட அறிவுரைகளிலேயே இதுதான் உருப்படியானது.

பையன் பயந்ததற்குக் காரணம் இருக்கிறது. சின்ன வயதில் பெரிய பையன்கள் தம்பியை வம்புக்கிழுத்தபோது மாப் கட்டுப்பாடு இழந்தான். அதில் தம்பி ரிட்சுவுக்கே அடிபட்டுவிட்டது. அன்றிலிருந்து உணர்ச்சிகளை அடக்கி வைத்தே வாழ்கிறான். தொடர் இதைத் திரையில் ஒரு சதவீதக் கணக்காகக் காட்டுகிறது. 37, 62, 88 என்று ஏறிக்கொண்டே போகும். 100 தொட்டால் வெடிக்கும். வெடிப்பது எப்போதும் கோபமாக இருக்காது என்பதுதான் விசேஷம். ஐந்தாம் அத்தியாயத்தில் டெருகி என்ற இன்னொரு சக்திக்காரப் பையனோடு மோதல். டெருகி தன்னைத்தான் கதாநாயகன் என்று நினைத்துக்கொண்டிருப்பவன். மாப் சண்டை போடவே மறுக்கிறான். டெருகி அடிக்கிறான், கழுத்தை நெரிக்கிறான், அப்போதும் மாப் மறுக்கிறான். நினைவு தப்பியபின் உள்ளேயிருந்து வேறு ஏதோ எழுந்து பள்ளிக் கட்டடத்தையே சிதைத்துவிடுகிறது. விழித்துப் பார்த்து மாப் அழுகிறான். அங்கே 100 தொடுவது துக்கம். ஜெயித்தவன் அழுதுகொண்டு நிற்க, தோற்றவன் அவமானப்பட்டு நிற்க, சண்டை முடிகிறது. அத்தனை அழகான ஒரு சண்டைக் காட்சியைப் போட்டுவிட்டு, அதைப் பார்த்துக் கைதட்ட நம்மை விடுவதில்லை.

முதல் சீசனின் முடிவும் இதே ரகம். உலகத்தைப் பிடிக்கக் கிளம்பிய கும்பல் என்றேனே, அதன் கிளை ஒன்றில் இருக்கும் வளர்ந்த ஆண்கள் கூட்டமாக மாப்பைச் சூழ்ந்துகொள்கிறார்கள். சதவீதம் ஏறிக்கொண்டிருக்கிறது. ரெய்கென் குறுக்கே வந்து, பிடிக்காவிட்டால் ஓடிவிடலாம், ஓடுவதில் தப்பே இல்லை என்கிறார். பள்ளிப் பிள்ளை சண்டை போட வேண்டிய அவசியம் என்ன, பெரியவர்கள் எதற்கு இருக்கிறோம் என்பதுதான் அவர் கட்சி. நாலு சக்திமான்கள் சேர்ந்தால் உலகம் தங்கள் கையில் என்று நம்பும் அந்தக் கும்பலை, ஊரில் எல்லோரும் வேலைக்குப் போய்த்தானே சாப்பிடுகிறார்கள் என்கிற தொனியில் அவர் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதற்காகவே ஒருமுறை பார்க்கலாம்.

இரண்டாம் சீசன்தான் உச்சம். மாணவர் தலைவர் தேர்தலில் நின்று, மேடையில் ஒரு வார்த்தை பேசாமல் ஒதுக்கிய நேரம் முழுவதையும் ஓட்டிவிடுகிறான் மாப். அதைப் பார்த்து எமி என்ற பெண் அவனோடு பழகக் கேட்கிறாள். தோழிகள் விளையாட்டாக ஏவிவிட்ட வேலை அது. அவள் ரகசியமாக நாவல் எழுதுகிறவள். தோழிகள் அந்தக் கையெழுத்துப் பிரதியைக் கிழித்துப் போடும்போது எமியும் கூடச் சேர்ந்து சிரித்துச் சமாளிக்கிறாள். மாப் தரையில் உட்கார்ந்து துண்டு துண்டாகப் பொறுக்க ஆரம்பிக்கிறான். முதலில் கையால்தான். உலகை ஆட்டிவைக்கும் சக்தி கிழிந்த தாளை ஒட்டவைக்கத்தான் பயன்படுகிறது, அதுவும் கொஞ்ச நேரம் கழித்து.

அடுத்து மோகாமி என்ற கெட்ட ஆவி. உயிரோடு இருந்தபோது தொலைக்காட்சியில் வந்து புகழ்பெற்ற மனோசக்தியாளர். ஒரு பெண்ணின் மனதுக்குள் மாப்பைச் சிக்கவைக்கிறார்; அங்கே அவனுக்குச் சக்தி கிடையாது, ரெய்கென் கிடையாது, நண்பர்கள் கிடையாது. உள்ளே ஆறு மாதம் ஓடுகிறது, தினமும் அடி, அவமானம். நீ நல்லவனாக இருப்பது உன்னைச் சுற்றி நல்லவர்கள் இருந்ததால்தான் என்று காட்டுவதே அவர் நோக்கம். நியாயமான கேள்வி. தொடர் அதற்கு மழுப்பாமல் பதில் சொல்கிறது: ஆமாம், அவர்களால்தான்.

அதற்குப் பின் ரெய்கெனின் பத்திரிகையாளர் சந்திப்பு. மாப்போடு மனஸ்தாபம், தனியாகத் தொழில், திடீர்ப் புகழ், பிறகு டிவியில் மாட்டிக்கொண்டு ஊர் சிரிக்கிறது. நிருபர்கள் குடைந்தெடுக்கும்போது கூட்டத்தின் பின்னால் மாப் நிற்பதைப் பார்க்கிறார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய நேரத்தில் பையன் வளர்ந்திருப்பதைப் பற்றித்தான் அவர் வாயில் வருகிறது. எல்லாம் முடிந்து இருவரும் பேசும்போது, உங்கள் நிஜ முகம் எனக்கு முதலிலிருந்தே தெரியும், நீங்கள் நல்லவர் என்கிறான் மாப். இவருக்குச் சக்தி இல்லை என்பது பையனுக்குத் தெரியுமா தெரியாதா? அந்தப் பதிலில் அது இல்லை. ரெய்கென் அதை வாய்விட்டு ஒப்புக்கொள்ள மூன்றாம் சீசனின் கடைசி வரை ஆகிறது. அந்தக் கடைசி அத்தியாயங்களைப் பற்றி வேறு எதுவும் சொல்ல மாட்டேன். சுபோமியிடம் பேசப் போகும் வழியில் நடக்கிறது, அவ்வளவுதான்.

குறை இல்லையா என்றால், உண்டு. சுபோமி கடைசி வரை ஒரு குறிக்கோளாகவே நிற்கிறாள்; அவளுக்கென்று காட்சிகள் ரொம்பக் குறைவு. பெண் பாத்திரங்களில் தோமே ஒருத்திதான் முழு ஆளாகத் தெரிகிறாள். மூன்றாம் சீசனில் டெலிபதி மன்றம் மலையேறிப் பறக்கும் தட்டைக் கூப்பிடப் போகும் பகுதியில், மூன்று வருடத்தை வீணடித்துவிட்டோமே என்று அவள் குமுறும் இடம் நன்றாக வந்திருக்கிறது. இரண்டாம் சீசனின் கடைசிச் சண்டைகள் நீளம். எனக்குக் கொஞ்சம் அசதியாகத்தான் இருந்தது.

படம் பார்க்க எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். ஒன் வரைவது கோணல்மாணலாக இருக்கும், அழகாக வரைகிறவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அனிமேகாரர்கள் அந்தக் கோணலைச் சரிசெய்யாமல் அப்படியே எடுத்துக்கொண்டு ஆடவிட்டார்கள். முதல் இரண்டு சீசன்களின் இயக்குநர் யுசுரு டாச்சிகாவா, பாத்திர வடிவமைப்பு யோஷிமிச்சி கமெடா. சில இடங்களில் மியோ சாடோ கண்ணாடியில் வண்ணத்தைத் தீட்டி, அதையே அழித்து மாற்றி மாற்றிப் படம் பிடித்திருக்கிறார். முதல் சீசனின் முடிவுப் பாடல் காட்சி அவருடைய கைவேலைதான். மாப்புக்குக் குரல் கொடுத்த செட்சுவோ இட்டோ ஏற்ற இறக்கமே இல்லாமல் பேசுகிறார். அதனால் அவன் ஒருமுறை அழும்போது தூக்கிவாரிப் போடுகிறது. முடிந்தவரை ஜப்பானியக் குரலிலேயே சப்டைட்டிலோடு பாருங்கள்.

முதல் மூன்று அத்தியாயங்கள் வெறும் காமெடி மாதிரி இருக்கும், அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். ஐந்தாவது வரை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகளோடு பார்ப்பதாக இருந்தால் மோகாமி வரும் இரண்டாம் சீசனின் நான்காம், ஐந்தாம் அத்தியாயங்களை முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிடுவது நல்லது. ரத்தத்தைவிட அதில் வரும் கொடுமைப்படுத்தல்தான் பிள்ளைகளை அதிகம் பாதிக்கும்.